சி.என்.சி. லேத்: புரோகிராம் போகும் வழியும் சாவி இருக்கும் கையும்

(தொழிற்கல்வி ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மேல்நிலை வகுப்பில் அடிப்படை இயந்திரவியல் படிக்கும் நம் பிள்ளைகளில் பலர், பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் நேராக வேலைக்குப் போகிறவர்கள். கோவையோ ஓசூரோ அம்பத்தூரோ, எங்கே போனாலும் சி.என்.சி. லேத் முன்னால்தான் பெரும்பாலும் நிற்பார்கள். அந்த இயந்திரத்துக்குள் புரோகிராம் எப்படிப் போகிறது, போனபின் அதை மாற்ற யாருக்கு அனுமதி என்ற இரண்டு கேள்விகளைப் பற்றி மட்டும் இன்று பேசுகிறேன். இரண்டும் பிள்ளைகளின் பாதுகாப்போடு சேர்ந்தவை.

1952இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் எண் கட்டுப்பாட்டு இயந்திரம் முதன்முதலில் செய்து காட்டப்பட்டபோது, கட்டளைகள் துளையிட்ட நாடாவில் இருந்தன. பிறகு ஆர்.எஸ்.232 கேபிள் வந்தது. இன்று மெமரி கார்டு, பென் டிரைவ், ஈதர்நெட் எல்லாம் உண்டு. ஆனாலும் சிறு பட்டறைகளில் அந்தப் பழைய கேபிள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

கேபிள் வழி அனுப்பும்போது கணினியும் இயந்திரமும் ஒரே அமைப்பில் இருக்க வேண்டும். பல இயந்திரங்களில் வேகம் 9600, தரவு 7 பிட், இரட்டைப்படை பேரிட்டி, நிறுத்த பிட் 2 என்று வைத்திருப்பார்கள். தொடக்க பிட்டையும் சேர்த்தால் ஓர் எழுத்துக்கு 11 பிட். ஆக, நொடிக்குச் சுமார் 870 எழுத்துகள் போகும். இரு பக்கமும் மின்சாரத்தை நிறுத்திவிட்டுத்தான் கேபிளை மாட்ட வேண்டும். பெறும் பக்கத்தை முதலில் தயார் செய்துவிட்டு, அதன்பின் அனுப்ப வேண்டும்.

பேரிட்டியை இயந்திரம் இல்லாமலே வகுப்பில் நடத்தலாம். எட்டுப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்துங்கள். நிற்பவர் 1, உட்கார்ந்தவர் 0. ‘ஜி’ எழுத்தின் ஆஸ்கி எண் 71. இரும எண்ணில் 1000111. நான்கு பேர் நிற்கிறார்கள், இரட்டைப்படை. எனவே எட்டாவது பிள்ளை உட்காரலாம். ‘எக்ஸ்’ என்றால் 88, அது 1011000. மூன்று பேர்தான் நிற்கிறார்கள். எட்டாவது பிள்ளை எழுந்தால் கணக்கு இரட்டைப்படை ஆகும். இப்போது யாராவது ஒருவரை ரகசியமாக மாறச் சொல்லுங்கள். பிழை நடந்ததை வகுப்பு உடனே கண்டுபிடிக்கும். இரண்டு பேர் மாறினால்? கண்டுபிடிக்க முடியாது. ‘பேரிட்டி இருக்கிறதே, பிறகு ஏன் சரிபார்க்க வேண்டும்?’ என்ற கேள்விக்குப் பதில் பிள்ளைகள் வாயிலிருந்தே வந்துவிடும்.

சரிபார்க்காவிட்டால் என்ன ஆகும்? லேத்திலிருந்தே ஓர் உதாரணம் சொல்கிறேன். ஜி96 போட்டால் வெட்டு வேகம் மாறாமல் இருக்கும். விட்டம் குறையக் குறைய ஸ்பிண்டில் வேகம் கூடும். வெட்டு வேகம் நிமிடத்துக்கு 150 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். விட்டம் 50 மி.மீ. இருக்கும்போது சுமார் 955 சுற்று. ஃபேசிங் செய்து 5 மி.மீ. விட்டத்துக்கு வரும்போது கணக்குப்படி சுமார் 9,550 சுற்று! இதற்கு வரம்பு கட்டத்தான் புரோகிராமின் தொடக்கத்தில் ஜி50 எஸ்1500 போன்ற ஒரு வரி எழுதுகிறோம். அனுப்பும்போது அந்த வரி விடுபட்டாலும் யாராவது அழித்துவிட்டாலும், ஸ்பிண்டில் அந்த இயந்திரத்தின் உச்ச வேகம்வரை ஏறும். வேகம் ஏறினால் மையவிலக்கு விசையால் சக்கின் தாடைப் பிடி தளரும். ஜாப் கழன்று பறக்கலாம். ஒரே ஒரு வரிதான். எதிரே நிற்பது நம் பிள்ளை.

புள்ளியும் அப்படித்தான். பல ஃபானுக் கட்டுப்பாட்டு அமைப்புகளில் எக்ஸ்50 என்று எழுதிப் புள்ளி வைக்காமல் விட்டால் அது 50 மி.மீ. அல்ல; 50 மைக்ரான், அதாவது 0.05 மி.மீ. அதனால் புரோகிராம் உள்ளே வந்ததும் மூலக் கோப்போடு ஒப்பிட வேண்டும். பிறகு திரையில் வரைபடமாக ஓட்டிப் பார்க்க வேண்டும். முதல் ஜாப்பை சிங்கிள் பிளாக்கில், ரேபிட் வேகத்தைக் குறைத்து வைத்து ஓட்ட வேண்டும். இந்த வரிசையைப் பிள்ளைகள் மறக்கக் கூடாது.

அடுத்தது அனுமதி. ஃபானுக் பலகையில் புரோகிராம் பாதுகாப்புச் சாவி இருக்கும். 9000 வரிசைப் புரோகிராம்களைத் திருத்த முடியாதபடி தனியாகப் பூட்டவும் வழி உண்டு. சீமென்ஸ் சினுமெரிக்கில் 0 முதல் 7 வரை எட்டு நிலைகள். மேல் நான்குக்குக் கடவுச்சொல். கீழ் நான்குக்குச் சாவி நிலை. யார் ஓட்டலாம், யார் ஆஃப்செட் மாற்றலாம், யார் புரோகிராம் திருத்தலாம், யார் பாராமீட்டரைத் தொடலாம் என்று பிரிப்பதுதான் இதன் நோக்கம்.

நடைமுறையில் என்ன பார்க்கிறோம்? சாவி எப்போதும் இயந்திரத்திலேயே தொங்கும். கடவுச்சொல் பலகை ஓரத்தில் ஒட்டிய தாளில் இருக்கும். எமிஸ் கடவுச்சொல்லைப் பற்றி நமக்குச் சொல்லப்படும் அறிவுரையை இங்கே நினைத்துப் பாருங்கள். எல்லோரும் ஒரே சாவியைப் பயன்படுத்தினால், டூல் மோதும் அன்று யார் மாற்றியது என்று தெரியாது. தெரியாதபோது பழி யார்மேல் விழும்? புதிதாக வந்தவன்மேல். பதினெட்டு வயதில் முதல் மாதச் சம்பளத்தை எதிர்பார்த்து நிற்கும் நம் மாணவன்மேல், மாணவிமேல். அனுமதி முறை பிள்ளையைச் சந்தேகிக்க வந்தது அல்ல. பழியிலிருந்து காக்க வந்தது என்று அவர்களுக்குப் புரியவைக்க வேண்டும்.

அதற்காகச் சாவியை நிரந்தரமாகப் பூட்டிவைத்தால் பிள்ளை பட்டன் அழுத்துபவனாகவே நின்றுவிடுவான். படிப்படியாகக் கொடுக்கலாம். முதலில் ஓட்டிப் பார்க்க மட்டும். அளந்து கணக்கிடத் தெரிந்தபின் வேர் ஆஃப்செட். சிமுலேட்டரில் தன் புரோகிராமைத் தானே ஓட்டிக் காட்டியபின் திருத்தம். பாராமீட்டர் ஆசிரியருக்கும் பராமரிப்பாளருக்கும் மட்டும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு நோட்டில் தேதி, பெயர், பழைய மதிப்பு, புதிய மதிப்பு, காரணம் என ஐந்து கட்டங்கள் போதும்.

இயந்திரமே இல்லாத பள்ளியிலும் அந்த நோட்டைத் தொடங்கலாம். சாதாரண லேத்தில் டூல் மாற்றினால்கூட எழுதட்டும். கூடவே, காப்புப் பிரதி எடுக்கும் பழக்கமும் வரட்டும். பல கட்டுப்பாட்டு அமைப்புகளில் புரோகிராமும் பாராமீட்டரும் ஆஃப்செட்டும் பேட்டரியின் தயவில்தான் நினைவகத்தில் நிற்கின்றன. பேட்டரி தீர்ந்துவிட்டால் எல்லாம் போய்விடும். பேட்டரி எச்சரிக்கை வந்தால், முதலில் பிரதி எடுக்க வேண்டும். பிறகு இயந்திரத்தின் கையேடு சொல்லும் முறைப்படி பேட்டரியை மாற்ற வேண்டும். மின்சாரம் ஓடும்போதே மாற்றச் சொல்லும் இயந்திரங்கள் பல இருப்பதால், அது பயிற்சி பெற்றவர் செய்ய வேண்டிய வேலை.

அடுத்த செய்முறை வகுப்பில் ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்குங்கள். எட்டுப் பிள்ளைகளும் ஒரு நோட்டும் இருந்தால் தொடங்கிவிடலாம்.