விண்ணைக் காண மண்ணைக் கேள்!

(நாகர்கோவிலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நாஞ்சில் நாட்டுக்கு வருகிறவன் வயலைப் பற்றிப் பேசுவான், வாய்க்காலைப் பற்றிப் பேசுவான், ஆரல்வாய்மொழிக் கணவாயிலே வீசும் காற்றைப் பற்றிப் பேசுவான். நானோ இன்று வானத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டவனுக்கு வானநூல் எதற்கு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். நான் வானநூல் கற்பிக்க வரவில்லை. வானத்தைப் பார்ப்பதற்கு ஆகும் பணத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பணம் உங்களுடையது. ஆகவே பேசும் உரிமை எனக்குண்டு. கணக்குக் கேட்கும் உரிமை உங்களுக்குண்டு.

நாடகம் எழுதிப் பழகிய கை இது. திரையை உயர்த்துகிறேன், காணுங்கள்!

ஆண்டு 1836. ஆலப்புழையில் திருவிதாங்கூர் அரசின் வணிக முகவராக இருந்த ஆங்கிலேயர் ஜான் கால்டிகாட். பகலிலே வணிகக் கணக்கு. இரவிலே விண்மீன் கணக்கு! "வானாய்வு நிலையம் ஒன்று வேண்டும்" என்ற வேண்டுகோள், ரெசிடெண்ட் பிரேசர் வாயிலாக மன்னர் சுவாதித் திருநாளிடம் செல்கிறது. மன்னர் இசைகிறார். மறு ஆண்டே, 1837இல், திருவனந்தபுரத்துக் குன்றின்மீது நிலையம் எழுகிறது. ஒரு தலை அசைந்தது, கருவூலம் திறந்தது!

அந்தக் கருவூலத்திலே இருந்தது எவர் வியர்வை? நாஞ்சில் நாடு அன்று திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம். கன்னிப்பூவும் கும்பப்பூவும் விளைவித்துக் கோட்டை கோட்டையாக நெல் அளந்தவர்கள் உங்கள் முன்னோர். அவர்களை எவரேனும் கேட்டார்களா? கேட்கவில்லை. வாக்குச்சீட்டு என்ற சொல்லே இந்த மண்ணுக்கு எட்டாத காலம் அது.

அடுத்த காட்சி. ஆண்டு 1855. கால்டிகாட் மறைந்த பின் இயக்குநராக வந்த ஜான் ஆலன் பிரவுன், அகத்தியர் மலையின் உச்சியிலே, ஆறாயிரம் அடிக்கு மேலே, இன்னுமொரு நிலையம் அமைக்கிறார். காடும் கல்லும் நிறைந்த அந்த உச்சிக்குக் கருவிகளை ஏழையின் தோளன்றி வேறு எது சுமந்திருக்கும்? அதே 1855இல்தான் திருவிதாங்கூரில் அடிமைமுறையை ஒழிக்கும் ஆணை பிறந்தது! நம் தாய்மார்கள் மார்பை மறைக்க இசைவு தந்த ஆணையோ மேலும் நான்கு ஆண்டு கழித்து, 1859இல், அதுவும் ஆயிரம் தடையோடு வந்தது. மலையுச்சியிலே காந்த ஊசி நடுங்குவதைக் குறித்து வைக்க ஏடு இருந்தது. அடிவாரத்திலே மனிதன் நடுங்குவதைக் குறித்து வைக்க ஏடு இல்லை!

அறிவியலைப் பழிக்க இதைச் சொல்லவில்லை, தோழர்களே! பிரவுன் அயராத உழைப்பாளி. அவர் எடுத்த காந்த அளவுகள் 1874இல் நூலாக வெளிவந்தன. குறை கருவியில் இல்லை; கேட்ட இடத்திலே இருந்தது. 1865இல் அவர் விடைபெற்றதும் நிலையத்தின் பணி சுருங்கிற்று. மன்னர் தந்தது, மன்னர் விருப்பத்தால் குறைந்தது. மக்கள் ஏனென்று கேட்கவில்லை. அது தம்முடையது என்று அவர்களுக்கு எவரும் சொன்னதில்லையே!

இப்போது மூன்றாவது காட்சி. அதே திருவனந்தபுரத்துக் கடற்கரை, தும்பா என்னும் மீனவர் சிற்றூர். பூமியின் காந்த நடுக்கோடு அருகிலே செல்வதால், வளிமண்டலத்தின் மேலடுக்கை ஆராயும் ஏவுகணைக்கு ஏற்ற இடம் அது. ஆனால் அங்கே மகதலேனா மரியாள் ஆலயம் இருக்கிறது, குடிசைகள் இருக்கின்றன. விக்ரம் சாராபாய் ஆயரைத் தேடிச் செல்கிறார். ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைரா என்ன செய்தார்? "இதோ, எடுத்துக்கொள்ளுங்கள்" என்று தாமே தந்துவிடவில்லை. ஞாயிறு வழிபாட்டிலே, திரண்டிருந்த மீனவரிடம், "இவர்களுக்கு நம் ஆலயத்தைத் தரலாமா?" என்று கேட்டார். மக்கள் இசைந்தார்கள். கலாம் அவர்கள் உருக்கத்தோடு பலமுறை கூறிய நிகழ்ச்சி இது. 1963 நவம்பர் 21இல் முதல் ஏவுகணை எழுந்தது. தும்பாவில் எழுந்தது ஏவுகணை மட்டுமா? மக்களின் சம்மதமும் எழுந்தது!

இதற்கு மாறான காட்சியும் உண்டு. தேனி மாவட்டம் பொட்டிப்புரத்திலே மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க, 2015இல் மத்திய அமைச்சரவை ஏறத்தாழ 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. விஞ்ஞானிகள் விளக்கக் கூட்டங்கள் நடத்தியதுண்டு. எனினும் நீர் என்னாகும், காடு என்னாகும் என்ற ஊராரின் அச்சம் தீரவில்லை. தமிழ்நாடு அரசு தன் எதிர்ப்பை 2022இல் உச்ச நீதிமன்றத்திலேயே தெரிவித்தது. தில்லியின் கையெழுத்து கிடைத்தது. பொட்டிப்புரத்தின் நெஞ்சம் கிடைக்கவில்லை!

கடல் கடந்தும் பாருங்கள். அமெரிக்காவில் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி கட்டப்பட்டு வந்தது. செலவு ஏறிற்று, காலம் நீண்டது. 2011 சூலையில், "இத்திட்டத்தைக் கைவிடுக" என்றது நாடாளுமன்றக் குழு ஒன்று. விஞ்ஞானிகள் சீற்றத்தோடு ஒதுங்கினார்களா? இல்லை. உறுப்பினர்களிடம் எடுத்துரைத்தனர், பொதுமக்களிடம் முறையிட்டனர். ஆண்டு முடிவதற்குள் பணம் மீண்டது, செலவுக்கு உச்சவரம்பு என்ற கடிவாளத்தோடு! 2021 டிசம்பர் 25இல் அது விண்ணேறியது. கேட்டவர்களும் வென்றார்கள், கணக்குக் கேட்டவர்களும் வென்றார்கள்.

நம் நாட்டிலும் ஈர்ப்பலைகளை ஆராயும் லிகோ நிலையத்துக்காக விஞ்ஞானிகள் ஆண்டுக்கணக்கில் வாதாடினர். 2016இல் கொள்கையளவில் இசைவு. 2023இல்தான் ஏறத்தாழ 2,600 கோடி ரூபாய்க்கு இறுதி ஒப்புதல். மராட்டிய மாநிலம் இங்கோலி மாவட்டம் அதற்கான இடம். 2,600 கோடி! தலை சுற்றுகிறதல்லவா? 140 கோடி மக்களுக்கு வகுத்துப் பாருங்கள். தலைக்குப் பத்தொன்பது ரூபாய்கூட இல்லை. ஒரு குவளைத் தேநீரும் ஒரு வடையும்!

"கூழுக்கு வழியில்லை, கோள் பார்க்கப் பணமா?" என்று குத்தலாகக் கேட்போர் உளர். அவர்களுக்கு ஒரு வரலாறு சொல்வேன். 1876இல் தொடங்கிய பெரும் பஞ்சம் தென்னாட்டைச் சூறையாடியது. மழை ஏன் பொய்த்தது, சூரியப் புள்ளிகளுக்கும் மழைக்கும் தொடர்புண்டோ என்ற கேள்வி அப்போது கூர்மை பெற்றது. கொடைக்கானல் சூரிய ஆய்வு நிலையம் பிறந்ததற்கு அந்தக் கேள்வியும் ஒரு காரணம். ஆம், கூழ் கிடைக்காத காலத்திலே பிறந்த கேள்விதான் கோளை நோக்கிக் கண்ணைத் திருப்பியது! மழையின் புதிர் அங்கே அவிழவில்லை. ஆனால் சூரியப் புள்ளியிலே வளிமம் வெளிநோக்கிப் பாய்வதை 1909இல் எவர்செட் அங்கிருந்தே கண்டறிந்தார். அந்தச் சூரியனை ஆராய 2023 செப்டம்பர் 2இல் ஆதித்யா புறப்பட்டபோது, அத்திட்டத்தின் இயக்குநர் யார்? மலைக்கு அப்பால் செங்கோட்டையிலே பிறந்த நிகார் ஷாஜி!

ஆகவே, சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் அமர்ந்திருப்போருக்கு நான் சொல்வது இதுதான். விஞ்ஞானி கதவைத் தட்டினால் திறவுங்கள். அறியாமையால் "இல்லை" என்னாதீர்கள்; மலைப்பால் "ஆம்" என்னாதீர்கள். எவ்வளவு, எங்கே, எவருக்கு என்ற மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

எவருக்கு என்ற கேள்வியை இந்த மாவட்டம் கண்ணீரோடு கேட்ட நாள் உண்டு. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது, வானிலே செயற்கைக்கோள் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. ஆழ்கடலிலே இருந்த நம் மீனவன் செவிக்குச் செய்தி எட்டவில்லை. விண்ணைத் துழாவும் அறிவு கரைக்கு வந்து சேராவிட்டால், அந்த அறிவுக்குப் பணம் கேட்கும் நாவும் தழுதழுக்கத்தானே செய்யும்?

விஞ்ஞானப் பெருமக்களே! தில்லிக்குச் செல்லுங்கள், வேண்டாமென்று எவர் சொன்னார்? செல்லும் வழியிலே கோட்டாற்றுச் சந்தையிலும் நில்லுங்கள். தோவாளையில் பூத்தொடுக்கும் பெண்ணிடமும் சொல்லுங்கள், எதைத் தேடுகிறீர்கள், ஏன் தேடுகிறீர்கள் என்று. அவளுக்குப் புரியாதென்று நினைக்காதீர்கள். அவள் வீட்டுப் பிள்ளைதான் நாளைக்கு உங்கள் நாற்காலியிலே அமரப் போகிறவன்!

மிகையல்ல இது. சரக்கல்விளையிலே உழவர் மகனாய்ப் பிறந்து, தமிழ்வழி அரசுப் பள்ளியிலே படித்த சிவன் 2018இல் இஸ்ரோவின் தலைவரானார். 2025 சனவரியில் அப்பொறுப்பை ஏற்ற நாராயணனும் மேலக்காட்டுவிளையின் பிள்ளை. 1837இல் நெல் அளந்த நாஞ்சில், 2018இல் விண்ணை அளந்தது! இடையிலே நடந்தது என்ன? அடிமைத்தளை அறுந்தது, பள்ளிக்கதவு திறந்தது, வாக்குச்சீட்டு கைக்கு வந்தது. தொலைநோக்கி மட்டும் இந்த மாற்றத்தைக் கொண்டு வரவில்லை; போராட்டம் கொண்டு வந்தது.

தோழர்களே! இன்று வீடு திரும்பும்போது ஒரு கணம் வானத்தை அண்ணாந்து பாருங்கள். அன்று கால்டிகாட் பார்த்த அதே விண்மீன்கள்! அன்று அவற்றைப் பார்க்க மன்னரின் இசைவு போதும். இன்று உங்கள் இசைவு வேண்டும். உங்கள் ஊர்ப் பிள்ளைக்கு அந்த விண்மீனைக் காட்டுங்கள். உங்கள் உறுப்பினரிடம் அந்த மூன்று கேள்விகளையும் கேளுங்கள். நாம் தருவோம், கேட்டால்! நாம் தாங்குவோம், சொன்னால்!

விண்ணைக் காண விழைவோர் முதலில் மண்ணைக் கேட்கட்டும்!