நம் பெண்மக்களும் அறிவியலும்
(மக்தப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

  

நம் மக்தபில் ஓதும் பெண்பிள்ளைகளிடம், என்னவாக விரும்புகிறீர்கள் என வினவினால், ஆசிரியை என்பர், மருத்துவர் என்பர். விஞ்ஞானி என்று சொல்ல மட்டும் நா தயங்குகிறது. அச்சொல் தமக்குரியதன்று என அவர்களுக்குக் கற்பித்தது யார்? கல்வி தேடுவதைக் கடமையாக்கிய மார்க்கம் அதைக் கற்பிக்கவில்லை.

வீட்டில் தமிழ், இங்கே அரபி, பள்ளியில் ஆங்கிலம். பிள்ளைக்கு இது சுமை என்று பெற்றோர் சிலர் குறைப்படுகின்றனர். நாம் அதை ஏற்பதற்கில்லை. வேதியியல் நூலில் 'ஆல்கலி' என்று படிக்கும் சிறுமி, தமிழில் அது காரம் என்பதை அறிவாள். தாவரச் சாம்பலைக் குறித்த 'அல்-கலீ' என்னும் அரபிச் சொல்லே ஆங்கிலத்தில் அவ்வாறு திரிந்தது என்பதையும் நாம் சொல்லித் தரலாமே! 'அல்ஜீப்ரா'வும் அவ்வாறே. 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மி எழுதிய நூலின் தலைப்பிலுள்ள 'அல்-ஜப்ர்' என்ற சொல் அது. முறிந்த எலும்பைச் சேர்த்துக் கட்டுவதற்கும் அரபியில் அதே சொல்தான். இத்தனை வாசல்கள் திறந்திருக்கும் பிள்ளை, அறிவியலுக்கு எப்படி அந்நியமாவாள்?

10ஆம் நூற்றாண்டில் அலெப்போவில், சைஃபுத்தவ்லாவின் ஆட்சியில், வானாய்வுக் கருவியான அஸ்தர்லாபைச் செய்தவர்களுள் அல்-இஜ்லிய்யா என்ற பெண்மணியையும் இப்னு நதீம் தமது 'ஃபிஹ்ரிஸ்த்' நூலில் குறிப்பிடுகிறார். அவ்வளவு தொலைவு போவானேன்? செங்கோட்டையில் பிறந்த நிகர் ஷாஜி அவர்கள் 1987இல் இஸ்ரோவில் சேர்ந்தார். சூரியனை ஆராய 2023 செப்டம்பர் 2 அன்று ஏவப்பட்ட ஆதித்யா எல்-1 விண்கலத்தின் திட்ட இயக்குநராக இருந்தவர் அவரே. புவியிலிருந்து சுமார் 15 இலட்சம் கிலோமீட்டர் தொலைவிலுள்ள இடத்தை அது 2024 ஜனவரி 6 அன்று அடைந்தது.

பெரியோர்களே, பிளஸ் டூ முடித்த பெண்ணுக்கு வரன் பார்க்கும் அவசரம் நம் மஹல்லாவில் இன்னும் குறையவில்லை. நிக்காஹ் பதிவேட்டைப் புரட்டும் நாம் இதை அறிவோம். நல்ல மதிப்பெண் பெற்றவளையும், அருகில் கல்லூரி இல்லை என்று வீட்டில் நிறுத்திவிடுகிறோம். மகனுக்கு விடுதி தேடித் தரும் தகப்பனார், மகளுக்கும் பாதுகாப்பான விடுதியை விசாரிக்கக் கூடாதா?

செய்முறைத் தேர்வுக் காலத்தில் மாணவியருக்கு மக்தப் நேரத்தை மாற்றித் தருமாறு நிர்வாகத்தை வேண்டியுள்ளோம். பைத்துல்மாலிலிருந்து வழங்கும் கல்வி உதவியில், அறிவியல் பயிலும் பெண்களுக்கென ஒரு பங்கை ஒதுக்கும் கோரிக்கையைப் பொதுக்குழு பரிசீலிக்க வேண்டுகிறோம்.