நம் உழைப்புக்கு என்ன விலை?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில், வீட்டிலிருந்தே இணையதளம் செய்து கொடுக்கும் உறுப்பினர் ஒருவர் பேசியது. அன்று வர முடியாத குழுக்களுக்காக இங்கே தருகிறோம்.)



நம் கூட்டமைப்புக்குத் துணிப்பை தைக்கும் ஆர்டர் ஒன்று வந்திருக்கிறது. துணியை வெட்டித் தருவார்களாம், தையல் கூலி பைக்கு 6 ரூபாயாம். சரி என்பதா, வேண்டாம் என்பதா என்று அடுத்த கூட்டத்தில் முடிவு செய்யப் போகிறோம். அதற்கு முன்னால், என் தொழிலில் விலை எப்படிப் போடுகிறோம் என்று சொல்லும்படி தலைவி அம்மா கேட்டாங்க. கம்ப்யூட்டர் வேலைக்கும் தையலுக்கும் என்ன சம்பந்தம்னு நினைக்காதீங்க. கணக்கு ஒண்ணுதான்.

ஒரு கடைக்கோ, பள்ளிக்கூடத்துக்கோ, அரிசி ஆலைக்கோ, ஜனங்கள் செல்போனில் பார்க்கிற மாதிரி பக்கங்கள் செய்து கொடுப்பது என் வேலை. மாதச் சம்பளம் கிடையாது. வேலை வந்தால்தான் காசு. சோப்பு டப்பாவில் விலை அச்சடித்திருப்பது போல இதற்கு விலை இல்லை, நாமேதான் சொல்ல வேண்டும். புதிதாக வருகிறவர்கள், "பக்கத்து ஊர்க்காரர் 5,000 வாங்குறார், நாம 4,500 சொல்லுவோம்" என்று சொல்லிவிடுகிறார்கள். அந்த 5,000 எந்தக் கணக்கில் வந்தது என்று யாரும் கேட்பதில்லை.

மாதத் தேவை எவ்வளவு?

விலையை வேலையிலிருந்து தொடங்கக் கூடாது, வீட்டிலிருந்து தொடங்க வேண்டும். உதாரணத்துக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். வீட்டுச் செலவுக்கு 20,000 ரூபாய். 48,000 ரூபாய் கம்ப்யூட்டர் நான்கு வருடம் உழைக்கும் என்றால் மாதத்துக்கு 1,000 ரூபாய். கரண்ட், போன், இணையம் எல்லாம் சேர்த்து 2,000. வைத்தியம், சேமிப்பு, வேலை வராத மாதம் இதற்கெல்லாம் 5,000. மொத்தம் 28,000 ரூபாய்.

இதை எத்தனை மணி நேரத்தால் வகுப்பது? மாதம் 25 நாள், நாளுக்கு 8 மணி நேரம் என்றால் 200 மணி. 28,000-ஐ 200-ஆல் வகுத்தால் மணிக்கு 140 ரூபாய். இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். அந்த 200 மணியும் காசு வரும் மணி இல்லை. வேலை தேடுவது, விலை பேசுவது, போட்டோ அனுப்புங்கள் என்று பத்துத் தடவை போன் பண்ணுவது, பாக்கி வசூலிப்பது, புதிதாகக் கற்பது என்று பாதி நேரம் போய்விடும். காசு வருவது 100 மணி என்றால், மணிக்கு 280 ரூபாய் வாங்கினால்தான் குடும்பம் நடக்கும். 140 வாங்கினால் மாதம் முழுக்க உழைத்தும் பாதிதான் கைக்கு வரும்.

ஐந்து பக்கம் உள்ள ஒரு சின்ன இணையதளத்துக்கு 40 மணி நேரம் என்று வைப்போம். 11,200 ரூபாய் ஆகிறது. நினைத்ததை விட வேலை இழுக்கும், அதற்காக ஐந்தில் ஒரு பங்கு சேர்த்தால் 13,440. இது என் அடி விலை. இதற்குக் கீழே இறங்குவதில்லை. வெளியில் மற்றவர்கள் என்ன வாங்குகிறார்கள், இந்தப் பக்கங்களால் அவருக்கு எவ்வளவு வியாபாரம் கூடும் என்று பார்த்து, மேலே எவ்வளவு கேட்கலாம் என்று முடிவு செய்வேன். இணையதளத்தின் பெயருக்கும், அதை வைத்திருக்கும் இடத்துக்கும் வருடா வருடம் கட்டணம் உண்டு. மனைவரி, வாடகை மாதிரி. அது உரிமையாளர் செலவு என்று முதலிலேயே சொல்லிவிடுவேன்.

குறைக்கச் சொன்னால்?

"வீட்டுல சும்மா உட்கார்ந்துதானே செய்யறீங்க, குறைச்சுக்கங்க" என்பார்கள். நான் கூலியைக் குறைப்பதில்லை, வேலையைக் குறைப்பேன். "ஐந்து பக்கம் வேண்டாம் சார், மூன்று பக்கம் செய்து தருகிறேன், இந்தப் பணத்துக்குள் வரும்" என்பேன். அதே வேலையை அப்படியே குறைத்துக் கொடுத்தால், முதலில் சொன்னது பொய் விலை என்று ஆகிவிடும்.

என்ன செய்து தருவேன், என்றைக்குத் தருவேன், எத்தனை முறை திருத்தம் இலவசம் எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்து வாங்குவேன். மூன்றில் ஒரு பங்கு முன்பணம், பாதி வேலையில் ஒரு பங்கு, ஒப்படைக்கும் முன் மீதி. நடுவில் "இதையும் சேர்த்துடுங்க" என்றால் அதற்குத் தனி விலை.

இன்னொரு விஷயம். உத்யம் பதிவு இலவசம். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, பதிவு செய்த குறு, சிறு தொழில் செய்பவரிடம் பொருளோ வேலையோ வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் வட்டியும் சேர்த்துத் தர வேண்டும்.

இப்போது நம் துணிப்பைக்கு வருவோம்

மெஷினில் ஒரு பை தைக்க 8 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 8 மணி நேரத்தில் 60 பை, 6 ரூபாய் வீதம் 360 ரூபாய். 2025-26-ல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவித்த கூலி நாளுக்கு 336 ரூபாய். அதை விட அதிகம் என்று சந்தோஷமாக இருக்கும். ஆனால் நூல் பிசிறு வெட்டுவது, தேய்ப்பது, எண்ணிக் கட்டுவது யார்? நாம்தான். அதையும் சேர்த்தால் பைக்கு 12 நிமிடம் ஆகும். அப்போது நாளுக்கு 40 பைதான், 240 ரூபாய். நூல், ஊசி, கரண்ட், மெஷின் ரிப்பேருக்குப் பைக்கு 1 ரூபாய் போனால் கையில் நிற்பது 200 ரூபாய்.

336 ரூபாயாவது நிற்க வேண்டும் என்றால் பைக்கு 9 ரூபாய் 40 காசு வேண்டும். வண்டி வாடகை, திரும்பி வரும் பைகள், கூட்டமைப்புக்குச் சேர வேண்டிய பங்கு எல்லாம் அதற்கு மேல்.

வேலை கை நழுவிப் போயிடுமேன்னு பயம் இருக்கும். எனக்கும் சில ஆர்டர் போயிருக்கு. ஆனால் நஷ்ட ஆர்டரில் மாட்டிக்கொண்டால், நல்ல ஆர்டர் வரும்போது எடுத்துச் செய்ய நேரம் இருக்காது.

நான் சொன்ன நிமிடங்கள் உதாரணம்தான். அதனால் ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்துக்கு முன் ஒவ்வொரு குழுவும் பத்துப் பை தைத்துப் பாருங்கள். துணியை எடுத்ததிலிருந்து கட்டி வைக்கும் வரை கடிகாரம் பார்த்து எழுதுங்கள். நூல் செலவையும் எழுதுங்கள். அந்த நோட்டோடு வாங்க. எல்லா நோட்டையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்து, நம்ம விலையை நாமே தீர்மான நோட்டில் எழுதுவோம்.