நின்ற நண்டையும் அளப்போம்



தலைமை உரை என்றால் துறையின் வரலாற்றை ஆதியிலிருந்து எடுத்துச் சொல்வது வழக்கம். நான் அதில் இறங்கப் போவதில்லை. நாம் இங்கே பேசக் கூடியிருப்பது நண்டின் உழைப்பைப் பற்றி: ஓடும்போது அதற்கு எவ்வளவு ஆக்சிஜன் செலவாகிறது, அது போதாதபோது ஆற்றல் எங்கிருந்து வருகிறது. இதில் என் வற்புறுத்தல் ஒன்றே ஒன்றுதான். ஓடும் நண்டை அளந்த அளவுக்கு நின்ற நண்டை நாம் அளக்கவில்லை.

1983இல் அமெரிக்காவில் ராபர்ட் ஃபுல்லும் ஹெரீடும் பசிபிக் கரையின் பேய் நண்டை டிரெட்மில்லில் ஓடவிட்டார்கள். நம் கடற்கரை மணலில் காலடிச் சத்தம் கேட்டதும் வளைக்குள் மறைகிறதே, அதன் இனம்தான். மேலே காற்றுப் புகாத சிறு பெட்டி, அடியில் நகரும் பட்டை, பெட்டிக்குள் போகும் காற்றிலும் வெளிவரும் காற்றிலும் உள்ள ஆக்சிஜனின் வித்தியாசம். கருவி அவ்வளவுதான். ஓய்வில் செலவிடுவதைப் போல ஏறத்தாழ 12 மடங்கு ஆக்சிஜனை அந்த நண்டு எடுத்துக்கொண்டது. அதிலும், ஓடத் தொடங்கிச் சிறிது நேரத்திலேயே அந்த ஏற்றம் வந்துவிட்டது. இந்த விரைவைப் பாலூட்டிகளோடு ஒப்பிடலாம். எட்டுக் கால், பக்கவாட்டு ஓட்டம், மணலின் ஈரத்தைக் கால்களின் அடியில் உள்ள மயிர்க்கற்றையால் உறிஞ்சி நனைத்துக்கொள்ளும் செவுள் அறை. இத்தனை வினோதங்கள் இருந்தும், குறிப்பிட்ட தூரத்தைக் கடக்க ஆகும் செலவு அதே எடையுள்ள நான்கு கால் பிராணியின் செலவுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

அந்த 12 மடங்குக்கும் ஓர் எல்லை உண்டு. அதற்கு மேல் வேகம் கூட்டினால் தசை ஆக்சிஜன் இல்லாமல் கிளைகோஜனைச் சிதைக்கும், லாக்டேட் தேங்கும், நண்டு களைத்துப்போகும். இங்கேதான் 1992இல் வெளிவந்த வைன்ஸ்டீன், ஃபுல் ஆய்வு எனக்கு முக்கியமாகப் படுகிறது. நொடிக்கு 30 செ.மீ. வேகம் அந்த எல்லையைத் தாண்டியது. அந்த வேகத்தில் நிற்காமல் ஓடிய நண்டு சில நிமிடங்களில் ஓய்ந்துவிட்டது. இரண்டு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் ஓய்வு என்று மாற்றியபோது, அதே வேகத்தில் களைப்பதற்கு முன் கடந்த மொத்தத் தூரம் இரண்டு மடங்குக்கும் மேல் ஆனது. நின்ற அந்தச் சிறு இடைவெளியில் தசையில் சேர்ந்த லாக்டேட்டின் ஒரு பகுதி குறைந்திருந்தது. எந்த ஓய்வும் இப்படிப் பலன் தரும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஓட்டம் எவ்வளவு நேரம், ஓய்வு எவ்வளவு நேரம் என்பதைப் பொறுத்துத் தூரம் கூடவும் செய்தது, குறையவும் செய்தது. கடற்கரையில் எந்தப் பேய் நண்டும் ஒரே சீராக ஓடுவதில்லை. நாலு எட்டு ஓடும், நிற்கும், கண்ணை நிமிர்த்திப் பார்க்கும், மறுபடி ஓடும். அந்த நிற்றலை வெறும் தயக்கம் என்று விட்டுவிட்டால் பாதிக் கணக்கு விட்டுப்போகும்.

லாக்டேட்டைக் கழிவு என்று மட்டும் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. நண்டின் இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது செம்பு கொண்ட ஹீமோசயனின். உழைப்பில் இரத்தம் அமிலமானால் அதன் ஆக்சிஜன் பற்று தளரும். செவுளில் ஆக்சிஜனைப் பிடிப்பதே கடினமாகிவிடும். 1980இல் ஐரோப்பியக் கரை நண்டின் இரத்தத்தில் ட்ரூஷோ கண்டது இதற்கு நேர்மாறான ஒரு விளைவை: லாக்டேட் அந்தப் பற்றைக் கூட்டுகிறது. அமிலம் தளர்த்துவதை லாக்டேட் ஓரளவு ஈடுகட்டுகிறது. களைப்பின் அடையாளமாக நாம் அளக்கும் பொருளே ஆக்சிஜன் வரவையும் தாங்கிப் பிடிக்கிறது. பிறகு அமெரிக்க நீல நண்டை நீந்தவைத்துச் செய்த ஆய்விலும் இது தெரிந்தது.

கிறிஸ்துமஸ் தீவின் செந்நண்டுகளைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். மழை தொடங்கியதும் காட்டிலிருந்து கடலுக்குப் பல நாள் நடக்கும் அந்த நண்டை ஆட்கள் துரத்தி நடக்கவைத்தால் லாக்டேட் ஏறுகிறது. தானாக, தன் போக்கில் இடம்பெயரும்போது பெரும்பாலும் ஆக்சிஜனைக் கொண்டே சமாளித்துவிடுகிறது. ஒரே விலங்குதான், ஒரே கால்கள்தான். ஆய்வாளர் கையில் குச்சி இருந்ததா என்பதும் முடிவைத் தீர்மானிக்கிறது!

ஆகவே கட்டுரை படிக்கவிருப்போரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் அட்டவணைகளில் எடை, வெப்பநிலை, உப்புத்தன்மை எல்லாம் இருக்கும். அளப்பதற்கு முன் நண்டு என்ன செய்துகொண்டிருந்தது, பிடிபடும்போது எவ்வளவு போராடியது, எத்தனை மணி நேரம் ஓய்வு கொடுத்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். களி நண்டைக் கயிற்றில் கட்டி உயிரோடு அனுப்பும் தொழில் நம் கரையில் இருக்கிறது; கட்டுவதற்கு முன் துடித்த நண்டும் துடிக்காத நண்டும் வழியில் ஒரே மாதிரி தாங்குமா என்று ஏற்றுமதிக்காரர் வந்து கேட்டால், நம்மிடம் அந்தக் குறிப்பாவது இருக்க வேண்டாமா?

முதல் அமர்வு நீந்தும் நண்டுகளைப் பற்றியது. கட்டுரையாளர் மேடைக்கு வரலாம். கேள்விகளைக் கடைசிவரை தள்ளிப்போட வேண்டாம். ஒவ்வொரு கட்டுரை முடிந்ததும் கேட்டுவிடுங்கள்.