வக்கீலை மந்திரியாக்கியது எது?

(வளையமாதேவிப் பொதுக்கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



நாம் பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவர்களல்ல. ஆகையால் நாம் சொல்வதை அப்படியே நம்பாமல், உங்கள் புத்தியைக் கொண்டு நிறுத்துப் பார்த்து, சரியென்று பட்டால் ஏற்றுக்கொள்ளுங்கள்.

இன்று ஒரு வக்கீல் மந்திரியான கதையைச் சொல்லப் போகின்றோம். அவர் நம் பழைய தென்னார்க்காடு ஜில்லாக்காரரே. கடலூரில் வக்கீல் தொழில் நடத்திய ஏ. சுப்பராயலு ரெட்டியார் அவர்கள். 1855இல் பிறந்தவர், ஜில்லா போர்டுத் தலைவராயிருந்து, பின்பு நீதிக்கட்சியில் சேர்ந்தவர். கட்சித் தலைவர் தியாகராயச் செட்டியார் அவர்கள் பதவி வேண்டாமென்று ஒதுங்கியதால், 1920 டிசம்பரில் ரெட்டியார் சென்னை மாகாணத்தின் முதல் மந்திரியானார்.

உடனே நம் ஜனங்கள் “அவர் ஜாதகத்தில் ராஜயோகம்” என்பார்கள். சரி, நாம் ஒன்று கேட்கின்றோம். 1920க்கு முன் இம்மாகாணத்தில் ராஜயோக ஜாதகத்தோடு ஒரு வக்கீலாவது பிறக்கவில்லையா? பிறந்திருந்தால் ஒருவர்கூட இங்கு ஏன் மந்திரியாகவில்லை? 1919ஆம் வருஷத்துச் சட்டம் வரும்வரை அப்படியொரு உத்தியோகமே இங்கு கிடையாது. அப்படியானால், லண்டன் பார்லிமெண்டு சட்டம் போடும்வரை குருவும் சுக்கிரனும் கைகட்டிக் காத்திருந்தார்களா?

தோழர்களே! அவரை மந்திரியாக்கியவை படிப்பும், சட்டமும், ஓட்டும்தான். அந்த ஓட்டும் எல்லோருக்கும் இருந்ததா? நாலு கோடிக்கு மேல் ஜனங்களிருந்த மாகாணத்தில் ஓட்டர்கள் சுமார் 12 லட்சம் பேர். நூற்றுக்கு மூன்று பேர்! சொத்தும் வரியும் உள்ளவனுக்குத்தான் ஓட்டு. நாற்று நட்ட பெண்ணுக்கும் இல்லை. ஏர் பிடித்த கூலிக்காரனுக்கும் இல்லை.

மந்திரிக்காவது முழு அதிகாரம் உண்டா? அதுவுமில்லை. கல்வி, சுகாதாரம், கலால் முதலியவை மந்திரிகளிடம். நிதி, போலீஸ், நிலவரி எல்லாம் கவர்னரிடமும் அவருடைய நிர்வாக சபையிடமும். பந்தியில் பரிமாறும் வேலை மந்திரிக்கு. பத்தாயத்துச் சாவி துரைக்கு! இதற்குப் பெயர் இரட்டையாட்சி.

அவ்வளவு குறைந்த அதிகாரத்திலும், அவர் மந்திரியாயிருந்த 1921ஆம் வருஷத்தில் சென்னைச் சட்டசபை பெண்களுக்கு ஓட்டுரிமை தரத் தீர்மானித்தது. இந்திய மாகாணங்களில் இதுவே முதல். அதனால் வானம் இடிந்து விழுந்துவிடவில்லை. 1921 ஜூலையில் ரெட்டியார் உடல்நலமின்றி விலகினார். அவ்வருஷமே இறந்தும் போனார். ஏழு மாதத்தில் முடிந்ததும் ராஜயோகந்தானோ?

இதை இவ்வூரில் ஏன் சொல்லுகின்றோம்? 2023 ஜூலையில் நெய்வேலிச் சுரங்க வேலைக்காக, உங்களூரில் நெற்பயிர் நின்ற வயலிலே கால்வாய் வெட்டினார்கள். அது தலையெழுத்தா? இல்லை. நிலம் எடுக்கும் சட்டமும், கையெழுத்தும், இயந்திரமும் செய்த வேலை. பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் நஷ்டஈடு கொடுக்கும்படி உத்தரவு வந்ததும் ஐகோர்ட்டில் வக்கீல்கள் நின்று வாதாடியதால்தான். பணம் வரும், முளைத்த பயிர் வருமா என்கிறீர்கள். நியாயமான கேள்வி. அக்கேள்வியைக் கிரகத்திடம் கேட்காமல் சர்க்காரிடம் கேளுங்கள்.

அன்று நூற்றுக்கு மூவரிடமிருந்த ஓட்டு இன்று உங்கள் ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது. ஆகையால் தோழர்களே! ஜோசியனுக்குக் கொடுக்கும் காசில் பிள்ளைகளுக்குப் புஸ்தகம் வாங்குங்கள். ஆணோடு பெண்ணையும் சட்டம் படிக்க வையுங்கள். மந்திரி வந்தால் மாலை போடுமுன் கணக்குக் கேளுங்கள் என்று கேட்டுக்கொண்டு, இத்துடன் முடித்துக்கொள்ளுகின்றோம்.