சீர் வாங்கிய பள்ளிக்கூடம்

பிள்ளை பட்டம் வாங்குவதைப் பார்க்க ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருக்கும் பெற்றோர்களே, இன்று பி.எட். முடித்து வெளியே போகும் மாணவ மாணவியரே!

பட்டமளிப்பு விழாவுக்கு வருகிறவர்கள் கனவு காணச் சொல்வது வழக்கம். அதை நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். நான் ஒரு நெல் கணக்கிலிருந்து தொடங்குகிறேன்.

நம் செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில், விக்கிரவாண்டி வட்டத்தில் எண்ணாயிரம் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே அழகிய நரசிம்மப் பெருமாள் கோவிலில் முதலாம் இராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, அதாவது ஏறத்தாழ ஆயிரம் வருடத்துக்கு முந்தியது, அந்த ஊர் நடத்திய கல்லூரியைப் பற்றிச் சொல்கிறது. கீழ்வகுப்பில் 270 மாணவர்கள், மேல்வகுப்பில் 70 பேர், ஆசிரியர் 14 பேர். கீழ்வகுப்பு மாணவனுக்கு நாளொன்றுக்கு ஆறு நாழி நெல். மேல்வகுப்பு மாணவனுக்கு ஒரு குறுணி இரு நாழி. இந்தச் செலவுக்காக ஊர்ச் சபை ஒதுக்கிய நிலம் 45 வேலி. எந்தப் பாடத்தை எத்தனை பேர் படிக்க வேண்டும் என்பதுகூட அதில் இருக்கிறது. வாய்ப்பேச்சாக விடவில்லை. கல்லில் வெட்டி வைத்தார்கள்.

மேடைகளில் இந்தக் கல்வெட்டைச் சொல்லிப் பெருமைப்படுகிறவர்கள் அநேகமாக இந்த இடத்தில் நிறுத்திக்கொள்வார்கள். எனக்கு நிறுத்த மனம் வரவில்லை. அங்கே சொல்லிக்கொடுத்தது வேதமும் வடமொழி இலக்கணமும் மீமாம்சையும். படித்தவர்கள் அந்தணப் பையன்கள். அந்த 45 வேலியில் சேற்றில் இறங்கி நட்டவர், அறுத்தவர், களத்தில் அடித்தவர் எவருடைய பிள்ளைக்கும் அந்தத் திண்ணையில் இடம் இருந்திருக்காது. ஊர் பள்ளியைத் தாங்கியது உண்மை. பள்ளி எந்த ஊரைத் தாங்கியது என்று கேட்டால் பதில் சங்கடமாக இருக்கும். நீங்கள் வேலைக்குப் போகும் ஒவ்வொரு பள்ளியிலும் இதே கேள்வி வேறு உருவத்தில் உங்களுக்காகக் காத்திருக்கிறது. அதனால்தான் இதை முதலில் சொன்னேன்.

அந்தப் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கதவைத் திறந்த காலத்துக்கு வருவோம். 1956இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவு தொடங்கியபோது முழுச் செலவையும் அரசு ஏற்கவில்லை. ஏற்கப் பணமும் இல்லை. திட்டம் வேரூன்றியபோது நூற்றுக்கு அறுபது பங்கு அரசு, நாற்பது பங்கு ஊர் என்று ஏற்பாடானது. ஊர்ப் பெண்கள் உலையில் அரிசி போடும் முன் ஒரு பிடியைத் தனியே எடுத்து வைத்தார்கள். அந்தப் பிடி அரிசி பள்ளிக்கூடத்து அண்டாவுக்குப் போனது. அப்போது பொதுக்கல்வி இயக்குநராக இருந்தவர் நெ.து. சுந்தரவடிவேலு. 1958 முதல் மாவட்டம் மாவட்டமாகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை நடத்தியவர் அவர். நூற்றுக்கும் மேற்பட்ட மாநாடுகள். ஒருவர் நிலம் எழுதிக் கொடுப்பார், ஒருவர் கரும்பலகை தருவார், இன்னொருவர் பெஞ்சு, மற்றொருவர் தண்ணீர்ப் பானை. எல்லாம் சேர்ந்து கோடிக்கணக்கான ரூபாய் ஆனது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் கொடுத்ததே அதில் அதிகம் என்பது என் எண்ணம். தனக்குக் கிடைக்காதது பிள்ளைக்குக் கிடைக்கட்டும் என்ற தவிப்பு வேறு யாருக்கு அவ்வளவு இருக்கும்?

அந்த வழக்கம் இன்று "கல்விச் சீர்" என்ற பெயரில் நடக்கிறது. நீங்கள் பார்த்திருப்பீர்கள். மேளதாளம் முன்னால் போக, பெண்கள் தாம்பாளத்தில் நோட்டு, பேனா, பழம் வைத்துத் தூக்கி வர, பின்னால் டிராக்டரில் பீரோ, மின்விசிறி, நாற்காலி, குடிநீர் டிரம். தலைமையாசிரியர் வாசலில் நின்று கும்பிட்டு வாங்கிக்கொள்வார். மறுநாள் செய்தித்தாளில் படம் வரும். பார்க்க நெஞ்சு நிறையும், பொய் சொல்லவில்லை.

ஆனால் நம் வீட்டுப் பழக்கம் என்ன? சீர் வாங்கினால் சம்பந்தி. அதன் பிறகு அந்த வீட்டு நல்லது கெட்டதுக்குப் போக வேண்டும். வாங்கி அடுக்கிவிட்டு வாசலை அடைத்துக்கொள்கிற சம்பந்தியை ஊர் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடும் என்று உங்களுக்கே தெரியும். நம்முடைய பல பள்ளிகள் அப்படித்தான் இருக்கின்றன. மாலை நாலரை மணிப் பேருந்துக்கு வாத்தியார் கிளம்பினால் பள்ளிக்கும் ஊருக்கும் இருந்த தொடர்பு அன்றைக்கு முடிந்தது. ஊரும் சும்மா இல்லை. தாம்பாளம் தூக்கியவர்களிலேயே சிலர், தங்கள் பிள்ளையைக் காலையில் தனியார் பள்ளி வேனில் ஏற்றி அனுப்பிவிட்டுத்தான் வந்திருப்பார்கள். பீரோவைக் கொடுப்பது சுலபம். பிள்ளையைக் கொடுப்பதற்கு நம்பிக்கை வேண்டும்.

அந்த நம்பிக்கையைப் பள்ளி எப்படிச் சம்பாதிக்கும்?

2024இல் ஃபெஞ்சல் புயல் நினைவிருக்கும். டிசம்பர் 1 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் பக்கத்து மயிலத்தில் 51 செ.மீ. மழை. வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் இந்த மாவட்டத்தில் சனங்கள் எங்கே போகிறார்கள்? பள்ளிக்கூடத்துக்கு. கான்கிரீட் கூரையும் மேடான தரையும் அங்கேதான் இருக்கும். வெள்ளத்துக்குத் திறக்கிற அந்தக் கதவு சாதாரண நாளில் ஏன் பூட்டிக் கிடக்க வேண்டும்? ஓர் உதாரணம்: செஞ்சி மார்க்கெட் கமிட்டிக்கு நெல் கொண்டு வருகிற விவசாயியிடம் வியாபாரி 75 கிலோ மூட்டைக்கு விலை சொல்வார். அரசு விலையோ குவிண்டாலுக்கு. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க ஏழாம் வகுப்பு விகிதக் கணக்கு போதும். அந்த வாரக் கமிட்டி விலையைப் பிள்ளைகளே கணக்கிட்டுப் பள்ளி வாசல் பலகையில் எழுதி வைத்தால், களத்திலிருந்து வருகிற அப்பா அங்கே ஒரு நிமிடம் நின்று படிப்பார், அல்லது படிக்கச் சொல்லிக் கேட்பார். விகிதக் கணக்கு எதற்கு என்று அந்த வகுப்பில் ஒரு பிள்ளையும் கேட்காது.

ஊர் என்று சொல்லும்போது யாரைச் சொல்கிறோம் என்பதையும் பேசிவிட வேண்டும். ஊரும் காலனியும் தனித்தனியாகக் கிடக்கிற மாவட்டம் இது. ஏரிக்கரையில் இருளர் குடியிருப்பு இன்னும் தள்ளிக் கிடக்கும். சாதிச் சான்றிதழ் இல்லாமல் பத்தாம் வகுப்போடு நின்றுபோன இருளர் பிள்ளைகள் எத்தனையோ பேர். பழங்குடியினர் சான்றிதழ் கோட்டாட்சியர் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டியது. செங்கல் சூளைக்கு முன்பணம் வாங்கிப் போன அப்பாவால் அந்த அலுவலகத்துக்கு எத்தனை நாள் அலைய முடியும்? திண்டிவனம் அரசுக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்த பிரபா கல்விமணி சான்றிதழுக்காக அலையும் இந்த வேலையைத்தான் ஆண்டுக்கணக்காகச் செய்தார். பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தைக் கட்டியவர் அவர். திண்டிவனம் ரோசணையில் தாய்த்தமிழ்ப் பள்ளியையும் நடத்தினார். நன்கொடையில் நடக்கும் பள்ளி, கட்டணம் கிடையாது. ஊர் பள்ளியைத் தாங்குவதும், ஊர் ஒதுக்கி வைத்தவரைப் பள்ளி தாங்குவதும் ஒரே இடத்தில் நடப்பதைப் பார்க்க வேண்டுமானால் வெகுதூரம் போக வேண்டாம், ஒரு பேருந்து ஏறினால் போதும்.

இல்லம் தேடிக் கல்வித் திட்டம்கூட நம் மாவட்டத்தில்தான் தொடங்கியது. 2021 அக்டோபர் 27, மரக்காணம் பக்கம் முதலியார்குப்பம். கொரோனாவில் பள்ளி மூடிக்கிடந்த காலத்து இழப்பை ஈடுகட்ட, ஊர்ப் பெண்களே மாலையில் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். உங்களில் சிலரும் செய்திருப்பீர்கள். அதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எந்தத் தெருத் திண்ணையில் வகுப்பு நடக்கிறதோ, அதைப் பொறுத்துத்தான் எந்தத் தெருப் பிள்ளைகள் வருவார்கள் என்பது. தன்னார்வலரைத் தேர்ந்தெடுத்த தலைமையாசிரியர்களில் இதை யோசித்தவர்களும் உண்டு, யோசிக்காதவர்களும் உண்டு.

இனி நம் கோட்டை. 2025 ஜூலையில் மராட்டியர் கோட்டைகளின் வரிசையில் செஞ்சியும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. பன்னிரண்டு கோட்டைகளில் பதினொன்று மகாராட்டிரத்தில், ஒன்று இங்கே. 1677இல் சிவாஜி பிடித்த கோட்டை. அவர் மகன் இராசாராம் உள்ளே இருக்க, மொகலாயப் படை வருடக்கணக்கில் முற்றுகை போட்ட கோட்டை. உலகம் வந்து பார்க்கப் போகிறது. வருகிறவருக்கு எடுத்துச் சொல்ல நம் பள்ளிப் பிள்ளைக்கு என்ன தெரியும்? தேசிங்கு ராசா கதையைப் பாட்டி ஒரு விதமாகச் சொல்வாள், கூத்து வாத்தியார் ஒரு விதமாக ஆடுவார், வரலாற்றுப் புத்தகம் 1714இல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி இறந்த தேஜ் சிங் என்ற இளைஞனைப் பற்றி நாலு வரி எழுதும். மூன்றையும் ஒரே வகுப்பறையில் வைத்துப் பாருங்கள். அதற்கு மேல் ஒரு வரலாற்றுப் பாடம் கிடையாது. கூத்து வாத்தியாரைப் பள்ளிக்கு அழைத்து நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். ஊரிடம் பணம் கேட்டால் பணக்காரர் மட்டும்தான் தர முடியும். தெரிந்ததைக் கேட்டால் எல்லோரும் தருவார்கள்.

இராமநாதபுரம் மாவட்டம் திருப்புல்லாணி அரசு மேல்நிலைப் பள்ளியில் தொன்மைப் பாதுகாப்பு மன்றம் வைத்துப் பிள்ளைகளுக்குக் கல்வெட்டுப் படிக்கவே பழக்கியிருக்கிறார்கள். நம் ஊர் ஓரத்துத் திருநாதர் குன்றில் இருபத்து நான்கு தீர்த்தங்கரர்கள் பாறையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட சந்திரநந்தி ஆசிரியரின் கல்வெட்டு அங்கே இருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்த செஞ்சி மாணவன் ஒருவன் உருவானால், பாறையில் பெயர் கிறுக்குகிற பத்துப் பேரை அவனே தடுத்து நிறுத்துவான். காவலர் போட்டு ஆகாத வேலை அது.

சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதி பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டம் தீட்ட வேண்டியது அந்தக் குழு. 2024இல் திருத்தி அமைத்தபோது தமிழ்நாட்டில் உறுப்பினர் 24 பேர் என்றாகி, முன்னாள் மாணவர்களும் சேர்ந்தார்கள். தாளில் எல்லாம் சரி. நடப்பில், எழுதி முடித்த தீர்மானப் புத்தகத்தைக் கையெழுத்து வாங்கப் பிள்ளை கையில் கொடுத்து அனுப்புகிற பள்ளிகளும் இருக்கின்றன. குழுத் தலைவி ஓர் அம்மா. கூட்டம் வேலை நாள் பிற்பகலில். அந்நேரம் அவர் நூறு நாள் வேலையிலோ களையெடுப்பிலோ இருப்பார். வந்தால் அரை நாள் கூலி போகும், வராவிட்டால் "பெற்றோருக்கு அக்கறை இல்லை" என்று நாம் எழுதி வைப்போம். அந்த வரியை எழுதுகிற பேனா உங்கள் கைக்கு வரப்போகிறது.

நீங்கள் வேலையில் சேர்ந்ததும் உங்கள் தலைமையாசிரியரிடம் ஒன்று கேளுங்கள்: மேலாண்மைக் குழுக் கூட்டத்தை அம்மாக்கள் வேலை முடிந்து திரும்பும் நேரத்தில் வைக்க முடியுமா என்று. முடியும் என்றால் அந்த ஒரு நாள் நாலரை மணிப் பேருந்தை விட்டுவிட்டு அடுத்த வண்டியில் போங்கள். தீர்மானத்தை அவர்கள் சொல்லச் சொல்ல எழுதுங்கள், எழுதியதைச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள், பிறகு கையெழுத்து வாங்குங்கள். காலனியிலிருந்தும் இருளர் குடியிருப்பிலிருந்தும் யாரும் வரவில்லை என்றால் மறுநாள் நீங்களே போய்க் கூப்பிடுங்கள்.