பாட்டனார் பதக்கமும் பார்க்க வேண்டிய நூல்களும்

(நம் அறக்கட்டளையின் குடும்பக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)

 

கல்வி உதவி கேட்டும் பட்டா விவகாரமாகவும் நம் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் பழைய தாள்கட்டுகளைக் கொண்டுவருவது வழக்கம். சில நேரம் அந்தக் கட்டுக்குள் ஒரு துணி முடிச்சு இருக்கும். அவிழ்த்தால் பதக்கங்கள். "நன்னா மிலிட்டரியில இருந்தாங்க" என்பதற்கு மேல் யாருக்கும் ஒன்றும் தெரியாது. எந்தப் படை, எந்தச் சண்டை என்று கேட்டால் ஆளுக்கொரு கதை வரும். இதைத் தேடிப் பார்க்க நல்ல நூல்கள் இருக்கின்றன. அவற்றில் எது நமக்கு உதவும், எது காசுக்குக் கேடு என்று இன்று சொல்லப்போகிறோம்.

நூலைத் தேடுவதற்கு முன்னால் பதக்கத்தைப் படியுங்கள். முதல் உலகப் போரின் வட்டப் பதக்கங்களில் விளிம்பைச் சுற்றியும், 1914-15 நட்சத்திரத்தில் பின்பக்கத்திலும் எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை பொறித்திருக்கும். இரண்டாம் உலகப் போர்ப் பதக்கங்களை ஆங்கிலேயச் சிப்பாய்களுக்குப் பெயரில்லாமல் கொடுத்தார்கள். நம் நாட்டுப் படையினர் பெற்றவற்றில் பெயர் பொறித்தவை நிறைய உண்டு. வெயிலில் சாய்த்துப் பிடித்து, பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். புளி, எலுமிச்சை, பல்பொடி எதுவும் போட்டுத் தேய்க்காதீர்கள். பெருநாள் வந்தால் பாத்திரத்தோடு சேர்த்துப் பதக்கத்தையும் துலக்கும் வீடுகள் உண்டு. அப்படித் துலக்கித் துலக்கி எண்ணே அழிந்துபோனதைப் பார்த்திருக்கிறோம்.

பதவியைச் சுருக்கி எழுதியிருப்பார்கள். எஸ்.பி.ஆர். என்றால் சாப்பர், அதாவது பாலமும் பாதையும் போடும் படையினர். டி.வி.ஆர். என்றால் டிரைவர். முதல் போர்க்காலத்து டிரைவர் பெரும்பாலும் கோவேறு கழுதை ஓட்டியவர். சமையல்காரர், தண்ணீர் சுமந்தவர், சலவைக்காரர் என்று பொறித்ததும் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு ஒரு தம்பி பதக்கத்தை மறுபடியும் முடிச்சுக்குள் வைத்துவிட்டார். ஏன் வைக்க வேண்டும்? அவர் பாட்டனாரும் அதே கப்பலில் போனவர்தானே.

இனி நூல்கள். மேஜர் கார்டன் எழுதிய 'பிரிட்டிஷ் பேட்டில்ஸ் அண்ட் மெடல்ஸ்' 1947இல் வந்தது. பிறகு பல பதிப்புகள் கண்டது. ஒவ்வொரு போருக்கும் என்ன பதக்கம், எந்தெந்தப் படைப்பிரிவு அதில் இருந்தது என்று சொல்லும். இந்தியப் படைப்பிரிவுகளும் அதில் இடம்பெறுவதால் நமக்கு அதுவே முதல் நூல். 'மெடல் இயர்புக்' என்று ஆண்டுதோறும் இங்கிலாந்தில் வருவது படங்களுக்கு நல்லது. அதிலுள்ள விலைப்பட்டியல் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் உரியது, நமக்கு வேண்டாம். அதனால் பத்து வருடத்துப் பழைய பிரதி மலிவாகக் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். வில்லியம் ஸ்பென்சர் எழுதிய ஆய்வாளர் கையேடும் தரமானதுதான். ஆனால் அது லண்டன் ஆவணக் காப்பகத்தில் தேடுவதற்கான நூல். நம் சிப்பாய்களின் பணிப்பதிவேடுகள் அங்கே போகவில்லை, இந்தியப் படைப்பிரிவு அலுவலகங்களில்தான் இருந்தன. எனவே அதை முதலில் வாங்காதீர்கள்.

1947க்குப் பிறகு பணியாற்றியவர் என்றால் மேற்படி ஆங்கிலேய நூல்களில் தேடிப் பயனில்லை. எட்வர்ட் ஹெய்ன்ஸும் ராணா சினாவும் சேர்ந்து எழுதிய, சுதந்திர இந்தியாவின் பதக்கங்களைப் பற்றிய நூல் 2008இல் வந்திருக்கிறது. 1965இன் சமர் சேவா, 1971இன் சங்ராம் எல்லாம் அதில் கிடைக்கும்.

ஒரு நூல் என்ன செய்யும் என்பதற்கு நம் அலுவலகத்தில் நடந்ததைச் சொல்லலாம். ஒரு பெரியம்மா மூன்று பதக்கங்களோடு பேரனை அழைத்துக்கொண்டு வந்தார். அத்தாவின் முகம் அவருக்கு நினைவில்லை. "சிங்கப்பூர் சண்டையில மவுத்தாயிட்டாங்கன்னு அம்மா சொல்லும்" என்றார். பதக்கங்களில் ஒன்று பர்மா ஸ்டார். மலாயா, சிங்கப்பூர் சண்டையில் இருந்தவர்களுக்குக் கொடுத்தது பசிபிக் ஸ்டார் என்று நூல் சொல்கிறது. இரண்டுக்கும் தகுதி பெற்றவர் ஒன்றை மட்டும் அணிந்து, மற்றதற்காக அதன் ரிப்பனில் சின்னதாக ஒரு பெயர்ப்பட்டை குத்திக்கொள்வார். இவரிடம் அந்தப் பட்டையும் இல்லை. விளிம்பில் எண்ணும், ஐ.பி.சி. என்று இந்தியன் பயனியர் கோரும் தெளிவாக இருந்தன. காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் பதிவேட்டை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். அந்த எண்ணைப் போட்டதும் பெயர் வந்தது. ரங்கூன் அருகே தவுக்யானில் உள்ள நினைவுச் சின்னத்தில், கபுர் எங்கே என்று தெரியாத ஏறத்தாழ 27,000 பேரின் பெயர்களுக்கிடையே அவர் பெயரும் இருந்தது. இன்னாரின் மகன், இந்த ஊர் என்றும் போட்டிருந்தார்கள். பேரன் படித்துக் காட்டினான். "ஊர் பேரைத் திரும்பப் படி" என்றார் அந்த அம்மா. இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

பெயரை வைத்துத் தேடும்போது கவனம் தேவை. நாம் காஜா முகைதீன் என்று அழைத்தவரை அந்தக் காலத்து எழுத்தர் வடநாட்டு வழக்கப்படி வேறு விதமாக எழுதியிருப்பார். அப்துல் காதரை ஆங்கிலத்தில் நாலைந்து விதமாக எழுதலாம். ராவுத்தர், மரைக்காயர் என்பதை ஓரிடத்தில் சேர்த்திருப்பார்கள், இன்னோரிடத்தில் விட்டிருப்பார்கள். பெயர் ஏமாற்றும், எண் ஏமாற்றாது. எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

படைப்பிரிவின் பெயர் தெரிந்தபின் அதன் வரலாற்று நூலுக்குப் போகலாம். முதல் போர்க்காலத்தில் நம் பக்கத்து முஸ்லிம்கள் பலர் கர்நாடிக் காலாட்படைகளிலும், பாளையங்கோட்டைப் பெயர் தாங்கிய 63ஆம் படையிலும் இருந்தார்கள். அந்த 63ஆம் படை 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்காவில் கரையிறங்கியது. மதராஸ் படை பற்றி வில்சன் 1880களில் ஐந்து தொகுதிகள் எழுதினார். சாப்பர்களைப் பற்றி வைபர்ட்டும், பிறகு சாண்டஸும் எழுதினார்கள். மதராஸ் ரெஜிமென்ட்டின் 1758 முதல் 1958 வரையான வரலாற்றை ஃபிதியன்-ஆடம்ஸ் எழுதினார். வில்சனும் வைபர்ட்டும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறார்கள். மற்றவற்றைச் சென்னை கன்னிமாரா நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். இவற்றில் துரைமார் பெயர்கள் பக்கத்துக்குப் பக்கம் வரும், சிப்பாய் பெயர் அரிது. உங்கள் பாட்டனாரின் பெயரை எதிர்பார்த்துப் புரட்டினால் மனம் நொந்துபோவீர்கள். அவருடைய படை எந்த ஆண்டு எந்த ஊரில் இருந்தது என்பதை அறியத்தான் அவை. தனி ஒருவரின் விவரத்துக்கு, எண்ணைக் குறிப்பிட்டுப் படைப்பிரிவின் பதிவேட்டு அலுவலகத்துக்கு எழுத வேண்டும். மதராஸ் ரெஜிமென்ட்டுக்கு வெலிங்டன், சாப்பர்களுக்குப் பெங்களூரு.

வாரிசுகளுக்கு ஒரு வார்த்தை. பாகம் பிரிக்கும்போது பதக்கத்தையும் ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொண்ட அண்ணன் தம்பிகளை அறிவோம். எல்லாம் சேர்ந்திருந்தால்தான் அவர் எங்கே போனார், எப்போது போனார் என்று படிக்க முடியும். பிரித்தே ஆக வேண்டுமென்றால், முன்னும் பின்னும் விளிம்பும் தெரியப் படமெடுத்து எல்லோரும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். முதல் போரின் வட்டப் பதக்கங்களில் ஒன்று பெரும்பாலும் வெள்ளி, ஏறக்குறைய ஒரு அவுன்ஸ். கூலிப்படையில் போனவர்களுக்கு அதையே வெண்கலத்தில் கொடுத்தார்கள். நகைக்கடையில் எடை போட்டால் வெள்ளி விலைதான் தருவார்கள். உருக்கிய பிறகு அந்த எண்ணை எங்கும் தேட முடியாது. கஷ்டத்தில் விற்பவர்களைக் குறை சொல்லவில்லை. விற்குமுன் விளிம்பை எழுதிவைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

கார்டன் நூலின் பழைய பதிப்பு ஒன்றையும், ஹெய்ன்ஸ்-சினா நூலையும் நம் நூலகத்துக்கு வாங்க நிர்வாகக் குழு இசைந்திருக்கிறது. வந்ததும், இன்ஷா அல்லாஹ், ஞாயிறுதோறும் அஸருக்குப் பின் பிள்ளைகள் இருவர் உட்கார்ந்து உதவுவார்கள். பதக்கத்தை அலுவலகத்தில் விட்டுச் செல்ல வேண்டாம். காட்டிவிட்டு, கையோடு வீட்டுக்கு எடுத்துப் போய்விடுங்கள்.